‘நாங்கள்’ என்பதை அடியுங்கள்: நேஷனல் டீச்சிங் ஃபெலோஷிப்புக்கு எழுதும் முறை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கிரைண்டரில் மாவு ஓடிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. திருநெல்வேலிப் பெண். என்னைப் போலவே நர்ஸாக இங்கிலாந்துக்கு வந்து, பத்து வருடம் வார்டில் வேலை பார்த்துவிட்டு, இப்போது ஒரு பல்கலைக்கழகத்தில் நர்ஸிங் கற்பிக்கிறாள்.

“அக்கா, நேஷனல் டீச்சிங் ஃபெலோஷிப்புக்கு என் பேரைக் கொடுக்கலாம்னு சொல்றாங்க. நான் அப்படி என்னத்தைச் செஞ்சிட்டேன்? எழுத உட்கார்ந்தா கையே ஓட மாட்டேங்குது.”

கிரைண்டரை நிறுத்திவிட்டு ஒன்றரை மணி நேரம் பேசினேன். அவளுக்குச் சொன்னதையும் சொல்ல விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன். பிரிட்டனில் கற்பிக்கும் நம்மவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இந்த ஃபெலோஷிப்புக்குப் பெயர் கொடுக்கத் தயங்குகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். நானும் தயங்கினவள். மூன்றாவது முறைதான் கிடைத்தது.

இந்தத் திட்டம் 2000-ல் தொடங்கியது. அட்வான்ஸ் எச்.இ. என்ற பிரிட்டன் உயர்கல்வி அமைப்பு நடத்துகிறது. உயர்கல்வியில் கற்பிப்பவர்களும், மாணவர்கள் கற்பதற்குத் துணை நிற்பவர்களும் இதற்குத் தகுதியுள்ளவர்கள். அதாவது நூலகரும் வரலாம், கணினிவழிக் கற்பித்தலைப் பார்த்துக்கொள்பவரும் வரலாம். ஆண்டுக்கு அதிகபட்சம் 55 பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தொடக்க ஆண்டுகளில் 20 பேருக்கு, ஆளுக்கு 50,000 பவுண்டு கொடுத்தார்கள். அந்தத் தொகை படிப்படியாகக் குறைந்து, இப்போது பணம் எதுவும் இல்லை. ஆனாலும் மதிப்பு குறையவில்லை. ஆராய்ச்சிக் கட்டுரைகளின் எண்ணிக்கையை வைத்தே பதவி உயர்வு பேசும் இடத்தில், வகுப்பறையில் வாழ்க்கையைக் கழித்த ஒருவருக்குத் தேசிய அளவில் கிடைக்கும் அங்கீகாரம் இது. அது பதவி உயர்வுக் குழுவின் மேசையில் பேசும்.

நீங்களாக நேரே விண்ணப்பிக்க முடியாது. உங்கள் பல்கலைக்கழகம் உங்களை முன்மொழிய வேண்டும். ஒரு நிறுவனம் ஓர் ஆண்டில் மூன்று பேரைத்தான் அனுப்பலாம். ஆகவே முதல் போட்டி வீட்டுக்குள்ளேயே நடக்கிறது, பலர் நின்றுபோவதும் அங்கேதான். பெரும்பாலான இடங்களில் கற்பித்தல் மேம்பாட்டுக்கென்று ஓர் அலுவலகம் இருக்கும். அங்கே போய், “அடுத்த சுற்றுக்கு உள்தேர்வு எப்போது?” என்று இன்றைக்கே கேளுங்கள். யாராவது வந்து நம்மைக் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்காதீர்கள். நான் நான்கு வருடம் அப்படித்தான் இருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. பொதுவாக வசந்த காலத்தில் விண்ணப்பம் போகும், கோடையில் முடிவு வரும். உள்தேர்வு அதற்கு முந்தைய இலையுதிர் காலத்திலேயே முடிந்துவிடலாம். அந்தந்த ஆண்டு விதிமுறையைப் புதிதாக இறக்கிப் படியுங்கள். சொல் வரம்பும் படிவமும் மாறுவதுண்டு. தோழி கொடுத்த பழைய படிவத்தில் எழுத ஆரம்பித்து நான் இரண்டு வாரத்தை வீணாக்கினேன்.

நேர்காணல் கிடையாது. உங்களைப் பார்த்ததே இல்லாத மதிப்பீட்டாளர்கள், தாளில் இருப்பதை மட்டும் படித்து மதிப்பெண் போடுவார்கள். உங்கள் குரல், சிரிப்பு, மாணவர்கள் உங்களைச் சுற்றி நிற்கும் காட்சி எதுவும் அவர்களுக்குத் தெரியாது. காணொளி இணைப்பு கொடுத்துச் சமாளிக்கலாம் என்றும் எண்ணாதீர்கள். சொல்ல வேண்டியதெல்லாம் தாளிலேயே இருக்க வேண்டும்.

மூன்று அளவுகோல்கள். ஒன்று, உங்கள் சொந்தக் கற்பித்தலின் சிறப்பு. இரண்டு, உங்கள் வேலை எல்லையைத் தாண்டி, மற்ற ஆசிரியர்களிடமும் துறையிலும் நீங்கள் ஏற்படுத்திய தாக்கம். மூன்று, நீங்கள் தொடர்ந்து கற்று உங்களை வளர்த்துக்கொண்ட விதம். மூன்றுக்கும் ஒரே எடை. ஆனால் எல்லோரும் முதல் பகுதியில் உயிரைக் கொடுத்துவிட்டு, மூன்றாவதைக் கடைசி இரவில் எழுதுகிறார்கள்.

சரி, முதல் பகுதிக்கு வருகிறேன். இதை என் கதையை வைத்துச் சொன்னால்தான் விளங்கும்.

நான் கற்பிப்பது மருந்துக் கணக்கு. பிரிட்டனில் நர்ஸ்களை ஒழுங்குபடுத்தும் நர்ஸிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில் 2018-ல் கொண்டுவந்த தரவிதிகளின்படி, நர்ஸிங் மாணவர்கள் மருந்துக் கணக்குத் தேர்வில் 100-க்கு 100 வாங்க வேண்டும். 98 வாங்கினாலும் தேர்ச்சி இல்லை. அது நியாயம்தான், ஏனென்றால் தவறிப்போகும் அந்த இரண்டு மதிப்பெண் ஒரு நோயாளியின் உடம்பில் போய்ச் சேரும். என் வகுப்பில் பலர் முப்பது, நாற்பது வயதில் படிக்க வந்தவர்கள். பராமரிப்பு இல்லத்தில் இரவு வேலை முடித்துவிட்டு நேரே வகுப்புக்கு வருகிறவர்கள் உண்டு. கணக்கு என்றாலே பள்ளிக்கூடத்தில் வாங்கிய அவமானம்தான் அவர்கள் நினைவுக்கு வரும்.

ஒரு நாள் மார்ஃபின் என்ற வலி மருந்தை வைத்துக் கணக்கு போட்டேன். கொடுக்க வேண்டியது 2.5 மில்லிகிராம். கையில் இருப்பது 1 மில்லிலிட்டரில் 10 மில்லிகிராம் மருந்து உள்ள ஆம்பியூல், அதாவது கழுத்தை உடைத்து ஊசியில் இழுக்கும் சின்ன மருந்துக் குப்பி. சூத்திரம் எல்லோருக்கும் தெரியும்: வேண்டியதை இருப்பதால் வகுத்து, இருக்கும் திரவ அளவால் பெருக்க வேண்டும். விடை 0.25 மில்லிலிட்டர். முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா 2.5 மில்லிலிட்டர் என்று எழுதியிருந்தார். பத்து மடங்கு. நான் தப்பென்று சொல்லவில்லை. தண்ணீர் நிரப்பிய பயிற்சி ஆம்பியூல்களை மேசையில் வைத்து, “உங்கள் விடைக்கு எத்தனை ஆம்பியூல் உடைக்க வேண்டும்?” என்று கேட்டேன். அவர் ஒன்றை உடைத்தார், சிரிஞ்சில் இழுத்தார். இரண்டாவதை உடைத்தார். மூன்றாவதைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். “ஒரு ஆளுக்கு ஒரு டோஸுக்கு மூணு ஆம்பியூலா? வார்டில் நான் பார்த்ததே இல்லையே” என்று அவரே ஆங்கிலத்தில் முணுமுணுத்துவிட்டு, பேனாவை எடுத்துப் புள்ளியை மாற்றினார்.

அன்றிலிருந்து என் வகுப்பில் சூத்திரம் இரண்டாவதுதான் வரும். முதலில் ஆம்பியூலைப் பார், ஒன்றுக்குள் அடங்குமா, பாதியா, கால்வாசியா என்று கண்ணால் கணித்துச் சொல். பிறகு கணக்கைப் போடு. இரண்டும் ஒத்துவராவிட்டால் நிறுத்து.

இதை விண்ணப்பத்தில் முதன்முதலில் நான் எப்படி எழுதினேன் தெரியுமா? “மருந்துக் கணக்கை எளிமையாகக் கற்பிக்கப் பல புதுமையான முறைகளைக் கையாண்டோம். மாணவர்கள் மிகவும் பயனடைந்தனர்.” இரண்டே வாக்கியம். என்ன முறை? யார் பயனடைந்தார்கள்? எத்தனை பேர்? பயனடைந்தார்கள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? எதற்கும் அதில் பதில் இல்லை. ஆம்பியூல் இல்லை, அந்த அம்மா இல்லை, நானும் இல்லை.

அட்வான்ஸ் எச்.இ. எதிர்பார்ப்பது மூன்று விஷயங்கள்: எவ்வளவு தூரம் போனது, யாருக்கு என்ன மதிப்பு, என்ன மாறியது. உங்கள் ஒவ்வொரு பத்தியையும் எடுத்துக்கொண்டு இந்த மூன்று கேள்வியையும் கேளுங்கள். நான் கடைசியில் எழுதியது இந்த வரிசையில் இருந்தது. முதலில் பிரச்சினை: முதல் முயற்சியில் தவறுகிறவர்கள் எத்தனை பேர், எந்த இடத்தில் தவறுகிறார்கள் என்று மூன்று வருட விடைத்தாள்களை எடுத்துப் பார்த்ததில், பாதிக்கு மேல் தசமப் புள்ளித் தவறுகள். பிறகு நான் செய்தது: ஆம்பியூலை முதலில் வைத்தது, அதை ஏன் செய்தேன் என்பதற்குக் கணிதக் கல்வி ஆய்வுகளில் இருந்த ஆதாரம். அதன்பின் மாற்றம்: அடுத்த மூன்று ஆண்டுகளில் முதல் முயற்சித் தேர்ச்சி எப்படி ஏறியது, எந்த வகை மாணவர்களிடம் அதிகம் ஏறியது. கடைசியாக மாணவர் குரல், ஒரே ஒரு வாக்கியம். வார்டில் மாணவர்களை மதிப்பிடும் ப்ராக்டிஸ் அசெஸர் ஒருவர், “இந்த மாணவி கணக்குப் போடுவதற்கு முன்னாலேயே அளவைச் சொல்கிறாள்” என்று எழுதியிருந்த குறிப்பையும் வைத்தேன். அந்தக் குறிப்பு எனக்கு எல்லா எண்களையும்விடப் பெரிதாக இருந்தது, ஏனென்றால் பாடம் வகுப்பறையை விட்டு நோயாளியின் படுக்கைவரை போய்ச் சேர்ந்ததற்கு அதுதான் சாட்சி.

முன்பு என்ன இருந்தது என்ற எண் கையில் இல்லாவிட்டால் பின்பு வந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. அதனால்தான் இரண்டு வருடம் முன்னதாகவே சேகரிக்கத் தொடங்குங்கள் என்கிறேன். மின்னஞ்சலில் ‘நன்றி’ என்று ஒரு ஃபோல்டர் போடுங்கள். மாணவர் எழுதிய இரண்டு வரி, வெளித் தேர்வாளர் அறிக்கையில் உங்கள் பாடப்பகுதியைப் பற்றி வந்த பத்தி, வேறு துறை ஆசிரியர் “உங்கள் பயிற்சித்தாளை எடுத்துக்கொள்ளலாமா” என்று கேட்ட அஞ்சல், எல்லாம் தேதியோடு அதில் போகட்டும். மாணவர் சொன்னதை விண்ணப்பத்தில் பயன்படுத்தும் முன் அவரிடம் அனுமதி கேளுங்கள். படித்து முடித்துப் போனபின் ஆளைப் பிடிப்பது கடினம், அப்போதைக்கப்போதே கேட்டுவிடுவது நல்லது. எண்ணிக்கை சின்னதாக இருக்கிறதே என்று வெட்கப்படாதீர்கள். மதிப்பீட்டாளர்கள் உங்கள் சூழலை வைத்துத்தான் பார்க்கிறார்கள். முப்பது பேர் வகுப்பில் செய்த ஆழமான மாற்றம் முந்நூறு பேருக்கு அனுப்பிய சுற்றறிக்கையை ஜெயிக்கும்.

சூழலைச் சொல்லத் தொடக்கத்தில் ஒரு சிறு பகுதி இருக்கிறது. அதற்கு மதிப்பெண் இல்லை என்பதால் பலர் அதில் தங்கள் பட்டங்களை வரிசையாக எழுதிவிடுகிறார்கள். அது பெரிய இழப்பு. மற்ற எல்லாவற்றையும் மதிப்பீட்டாளர் அந்தக் கண்ணாடி வழியாகத்தான் படிப்பார். இரவு வேலை முடித்து வகுப்புக்கு வரும் மாணவர்களைப் பற்றி நான் அங்கேதான் எழுதினேன். நான் எங்கிருந்து வந்தேன், தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் முதல் மருந்துச் சீட்டைப் படித்த நாளில் என்ன பயந்தேன் என்பதும் அங்கேதான் இருந்தது. அது இல்லாமல் என் கற்பித்தல் ஏன் இப்படி இருக்கிறது என்று யாருக்கும் புரிந்திருக்காது.

அப்புறம், நம்மவர்களுக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. நான் என்ற சொல்.

இரண்டாவது முறை என் பெயர் போய், கிடைக்காமல் வந்த பின்னூட்டத்தில், குழு செய்தது எது, முன்மொழியப்பட்டவர் செய்தது எது என்று பிரித்தறிய முடியவில்லை என்ற கருத்து இருந்தது. பிரதியை எடுத்துப் பார்த்தேன். எங்கே பார்த்தாலும் நாங்கள். ‘நாங்கள் வடிவமைத்தோம்’, ‘நாங்கள் பயிற்சி அளித்தோம்’, ‘எங்கள் முயற்சியால்’. வடிவமைத்தது நான்தான். சனிக்கிழமைகளில் சமையலறை மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு பயிற்சித்தாளையும் எழுதியது நான்தான். ஆனால் ‘நான்’ என்று எழுதினால் வாய் கூசியது. ‘தன்னைத்தானே மெச்சிக்காதே’ என்று சொல்லி வளர்த்த வீடு.

அப்போது என் அப்பா, ஓய்வுபெற்ற தமிழாசிரியர், போனில் ஒன்று சொன்னார். நன்னூல் பாயிரத்தில் தற்புகழ்ச்சி தகாது என்று ஒரு சூத்திரம் இருக்கிறது. எல்லோரும் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அடுத்த சூத்திரத்தையும் படி என்றார். தன்னைப் புகழ்வது தகும் என்று பவணந்தியார் நான்கு இடங்களைச் சொல்கிறார்: அரசவைக்கு ஓலை அனுப்பும்போது, தன் ஆற்றலை அறியாதவர்களிடம், பெரிய அவையில் வாதிட்டு வெல்லும்போது, எதிராளி தன்னைப் பழித்துப் பேசும்போது. “நீ அனுப்புறது ஓலைதானேம்மா? படிக்கிறவங்களுக்கு உன்னைத் தெரியாதுதானே? அப்போ ரெண்டு இடம் ஆச்சு” என்றார்.

அந்த இரவே உட்கார்ந்து ஒவ்வொரு ‘நாங்கள்’ மீதும் பென்சிலால் வட்டமிட்டேன். ஒவ்வொன்றிலும் என் பங்கு என்ன என்று பிரித்தேன். மற்றவர்கள் செய்ததை அவர்கள் செய்தது என்றே எழுதினேன். அதனால் என் பங்கு சிறுக்கவில்லை, தெளிவாகத் தெரிந்தது. பிரித்துப் பார்த்தபின் உண்மையிலேயே எல்லாம் குழுவின் வேலை என்று தெரிந்தால் அதுவும் நல்ல செய்திதான். குழுக்களுக்கென்றே கொலாபரேட்டிவ் அவார்ட் ஃபார் டீச்சிங் எக்ஸலன்ஸ் என்று 2016 முதல் தனி விருது இருக்கிறது. அதற்குப் போங்கள்.

இரண்டாவது அளவுகோலில் செய்யும் பொதுத்தவறு, பேசிய கருத்தரங்குகளைப் பட்டியலிடுவது. நீங்கள் போய்ப் பேசினீர்கள் என்பது தாக்கம் ஆகாது. கேட்டவர்களில் யார் திரும்பிப் போய்த் தன் வகுப்பில் எதை மாற்றினார், அதுதான் வேண்டும். என்னிடம் ஏழெட்டுக் கருத்தரங்குகள் இருந்தன, அத்தனையையும் ஒரே வாக்கியத்தில் அடக்கிவிட்டு மூன்று பேரைப் பற்றி விரிவாக எழுதினேன். எங்கள் பல்கலைக்கழகத்தில் ஆம்புலன்ஸ் மருத்துவ உதவியாளர்களுக்கான பாராமெடிக் படிப்பில் ஆம்பியூல் முறையை எடுத்துக்கொண்ட ஆசிரியர், அதைத் தன் மாணவர்களுக்காக வேறுமாதிரி மாற்றிக்கொண்ட வேறொரு பல்கலைக்கழக ஆசிரியை, தமிழ்நாட்டில் நான் படித்த நர்ஸிங் கல்லூரியில் இப்போது கற்பிக்கும் என் வகுப்புத் தோழி. மூவரிடமும் கடிதம் கேட்டேன். “நல்ல பெண்மணி” என்று எழுத வேண்டாம், முன்பு எப்படி நடத்தினீர்கள், இப்போது எப்படி நடத்துகிறீர்கள் என்று மட்டும் எழுதுங்கள் என்றேன். அவற்றிலிருந்து ஒவ்வொரு வரி எடுத்தேன்.

மூன்றாவது அளவுகோலுக்கு, முடித்த பயிற்சிகளின் சான்றிதழ் வரிசை போதாது. ஒவ்வொரு கற்றலும் உங்கள் வகுப்பில் எதை மாற்றியது என்று காட்ட வேண்டும். அட்வான்ஸ் எச்.இ.யின் ஃபெலோ, சீனியர் ஃபெலோ போன்ற வேறு அங்கீகாரங்கள் இருந்தால் சொல்லுங்கள், ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். நான் எண் குழப்பம் உள்ளவர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்று ஒரு குறுகியகாலப் படிப்பு படித்தேன். அதற்குப்பின் பயிற்சிக் கட்டத்தில் கடிகாரம் வைப்பதை நிறுத்தினேன். வேகம் தேர்வுக்கு இரண்டு வாரம் முன்புதான் வரும். என் பழைய முறை சிலரை எப்படி நடுங்க வைத்திருக்கிறது என்று அந்தப் படிப்பில்தான் புரிந்தது. அதையும் மறைக்காமல் எழுதினேன். தவறை ஒப்புக்கொண்டு திருத்திக்கொண்ட பத்தியை நீக்கிவிடச் சொல்லி இரண்டு நண்பர்கள் சொன்னார்கள். நான் நீக்கவில்லை. வளர்ச்சியைப் பற்றிய பகுதியில் ஒருவர் எங்கிருந்து வளர்ந்தார் என்று சொல்லாமல் எப்படி?

துணைவேந்தர் தரப்பில் ஒரு பரிந்துரை உரை போக வேண்டும். பெரும்பாலும் அலுவலகம் அதற்குக் குறிப்புகளை உங்களிடமே கேட்கும். உங்கள் விண்ணப்பத்தில் எழுதியதையே திருப்பிக் கொடுக்காதீர்கள். உங்கள் வேலையால் பல்கலைக்கழகம் தன் கொள்கையிலோ பாடத்திட்டத்திலோ எதை மாற்றிக்கொண்டது என்பதைக் குறித்துக் கொடுங்கள். அதை நிறுவனம் சொன்னால்தான் எடுபடும்.

அனுப்பும் முன் இரண்டு பேரிடம் படிக்கக் கொடுங்கள். ஒருவர் உங்கள் துறைக்குச் சம்பந்தமே இல்லாதவர். என்னுடையதை வரலாறு கற்பிக்கும் ஒருவர் படித்து, “ஆம்பியூல் என்றால் என்ன?” என்று பக்க ஓரத்தில் எழுதியிருந்தார். அந்த ஒரு கேள்வியால் ஒரு பத்தியே மாறியது. மற்றவர் உங்களோடு வேலை செய்தவர். நீங்கள் சின்ன விஷயமென்று விட்டுவிட்டதை அவர்தான் நினைவுபடுத்துவார்.

திருநெல்வேலிப் பெண் நேற்றிரவு தன் முதல் வரைவை அனுப்பினாள். குழந்தைகள் வார்டுக்குப் போகும் மாணவர்களுக்கு, வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளையின் முகத்தைப் படிக்கக் கற்றுத்தருகிறாள். அவ்வளவு அருமையான வேலை, நான்காம் பக்கத்தில் ஒரு வரியில் ஒளிந்திருந்தது. அதை முதல் பக்கத்துக்குக் கொண்டு வா என்று எழுதி, பதினேழு ‘நாங்கள்’ மீது வட்டமிட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். உள்தேர்வுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது.